குளிர்ச்சட்டைத் தேர்வில் பேகன் விதி: திருவான்மியூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சென்னை நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். அந்த அளவு கடைசியாகத் தொடப்பட்டது 1905 ஜனவரியில். அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக இந்நகரம் குளிரைக் கேள்விப்பட்டிருக்கிறதே தவிர, நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் குளிரைப் பற்றித் திட்டவட்டமான கருத்து இல்லாத வீடு திருவான்மியூரில் ஒன்றுகூடக் கிடையாது. மார்கழி விடியலில் கடற்கரைக்குப் போனால் சான்று கிடைக்கும். இருபத்திரண்டு டிகிரியில் மங்கி குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர் சகிதம் பெரியவர்கள் வேகநடை போடுவார்கள். பத்தடி தள்ளிக் குப்பத்து மீனவர் வெற்றுடம்போடு வலையை உதறிக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே காற்றுதான்.

இத்தகைய ஊரிலிருந்துதான் ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் டிசம்பர் லீவில் உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குப் பனிமலை ஏறக் கிளம்புகிறார்கள். உயரம் சுமார் 3,800 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி, திருவான்மியூரை அப்படியே அந்த உயரத்துக்குத் தூக்கிவைத்தாலே இருபத்தைந்து டிகிரி போய்விடும். இமயம் வடக்கே இருப்பதற்கான கழிவு தனி. ஆக, சட்டை தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தச் சட்டை என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் கேள்வி.

2. முன்னோடிகள்

குளிருக்குத் தமிழர் கண்ட தீர்வுகளை இலக்கியத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. நெடுநல்வாடையில் கோவலர்கள் கையில் கொள்ளிக்கட்டையோடு நடுங்குகிறார்கள். சட்டை பற்றிய பேச்சு இல்லை. திருவான்மியூர் மருந்தீசரைப் பாடிய அப்பர் கயிலைக்கே நடந்தார். கால் தேய்ந்து, பிறகு தவழ்ந்து, உடல் ஓய்ந்த நிலையில், அங்கிருந்த குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு இறைவன் அருளியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. பனிமலையில் சிக்கியவரைக் காவிரிக் கரைக்கு மாற்றுவதைவிடச் சிறந்த குளிர்த்தடுப்பு முறை இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் அவ்வசதி டிரெக்கிங் பேக்கேஜ்களில் சேர்க்கப்படுவதில்லை.

மூன்றாவது முன்னோடியே நம் ஆய்வுக்கு அடித்தளம். பழனி மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், தோகை விரித்து ஆடிய மயிலைப் பார்த்து, பாவம் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்தான். வள்ளல் பட்டியலில் இடம் கிடைத்தது. ஆனால் ஆய்வாளர் கண்ணுக்கு மூன்று செய்திகள் தப்பாது. ஒன்று, மயில் கேட்கவில்லை. இரண்டு, இறகைச் சிலிர்த்து உள்ளே காற்றைப் பிடித்துவைப்பதில் பறவையை மிஞ்சிய சட்டை உலகில் இல்லை. மூன்று, குளிர் உண்மையில் இருந்தது கொடுத்தவன் மனதில்.

3. கருதுகோள்

இதிலிருந்து பிறப்பதே பேகன் விதி: *குளிர்ச்சட்டையின் கனம் போகும் இடத்தின் குளிரைப் பொறுத்ததன்று, வீட்டில் இருப்பவர் பாசத்தைப் பொறுத்தது.*

4. களப்பணி

இடம்: விளையாட்டுப் பொருள் கடை. காலம்: நவம்பர் ஞாயிறு. மகன் மெல்லிய ஃப்ளீஸ் சட்டையை எடுக்கிறான். அம்மா அதை விரலிடுக்கில் பிடித்து, பருப்புப் பதம் பார்ப்பதுபோல் நசுக்கிப் பார்க்கிறார்.

"என்னடா இது, பொசுபொசுன்னு கையிலயே நிக்கல? காத்து உள்ள பூந்துடும்."

"இதுக்கு மேல ஜாக்கெட் இருக்கும்மா."

"மேல இருக்கறது மேல. மார்ல சளி கட்டிண்டா யாரு பாக்கறது?"

பெரிய ஜாக்கெட் ஒன்று போட்டுப் பார்க்கப்படுகிறது. இரண்டு நிமிடத்தில் மகனுக்கு நெற்றியிலிருந்து வழிகிறது.

"வேர்க்குதும்மா, முடியல."

"கடையிலயே வேர்க்கறதுன்னா நல்ல சட்டைதான். பில்லு போடச் சொல்லு."

இதோடு முடிவதில்லை. வீட்டுப் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டி இறங்குகிறது. டெல்லியில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்த கைப்பின்னல் ஸ்வெட்டர், அந்துருண்டை வாசனையோடு வெளியே வருகிறது. "இதையும் உள்ள போட்டுக்கட்டும்" என்று பாட்டி தீர்ப்பளிக்கிறார். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

5. பகுப்பாய்வு

எந்தச் சட்டையும் சூடு தருவதில்லை. சூட்டைத் தருவது உடம்பு. சும்மா இருக்கும் மனிதன் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். மூட்டையோடு மேடேறும்போது அது ஐந்து மடங்கையும் தாண்டும். சட்டையின் வேலை இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் நிறுத்திவைப்பது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். எனவே மலையில் முதல் எதிரி பனியன்று, வியர்வை. கனத்த சட்டையில் ஏறுபவன் உள்ளுக்குள் நனைகிறான், நின்றதும் விறைக்கிறான். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது என்பதால், நாடு முழுவதும் கொண்டாடும் திருப்பூர் பருத்திப் பனியனுக்கு மலையில் மட்டும் அனுமதி இல்லை. வாத்துத் தூவி அடைத்த ஜாக்கெட் எடைக்கு எடை ஒப்பற்றது, ஆனால் நனைந்தால் சுருண்டு கட்டிதட்டிவிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு காக்கும். பாலியெஸ்டர் ஃப்ளீஸ் சீக்கிரம் உலரும்.

நிபுணர்களும் இதைச் சிரமப்பட்டே கற்றார்கள். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். கம்பளியும் ட்வீடும் அணிந்த சகாக்கள் சிரித்தார்கள். மேலே போனபின் சிரிப்பு நின்றது. 1933-இல் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் இன்னும் ஒரு படி போய், மீன்வலையில் பனியன் செய்தார். ஓட்டைகளில் காற்று தங்கும், வியர்வை தங்காது. மேலே இன்னொரு சட்டை போட்டால் போதும். 1953-இல் எவரெஸ்ட்டை வென்ற குழுவின் துணிமணிகளில் வலைப் பனியனும் இருந்தது. அதற்கான மூலப்பொருள் திருவான்மியூர் குப்பத்தில் தினமும் மணலில் காய்கிறது. அதை எடுத்துக் காட்டி "இதைத்தான் போட்டுக்கொண்டு எவரெஸ்ட் ஏறினார்கள்" என்று பாட்டியிடம் சொல்லும் துணிவு எந்த ஆய்வாளருக்கும் இதுவரை வரவில்லை.

ஆனால் அம்மாக்களை முற்றாக மறுப்பது நேர்மையாகாது. அவர்கள் கற்பனையில் மகன் எப்போதும் பனியில் அசையாமல் நிற்கிறான், ஒருபோதும் நடப்பதில்லை. பகலில் இது பிழை. மாலை நான்கு மணிக்குக் கூடாரம் அடித்து, வெயில் இறங்கி, அவன் உட்கார்ந்த கணத்தில் இது அப்படியே பலித்துவிடுகிறது. ஆக, அம்மா சொல்வது தவறன்று. சில மணிநேரம் முந்திச் சொல்கிறார்.

6. பரிந்துரைகள்

அ. உள்சட்டை: மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தேர்வு அதிகாரம் ஏறுபவருக்கு மட்டும்.

ஆ. நடுச்சட்டை: கழுத்தருகே ஜிப் வைத்த ஃப்ளீஸ். ஏறும்போது திறக்கவும் நின்றால் மூடவும் வசதி. நிறத்தை அம்மா முடிவு செய்யலாம்.

இ. தடித்த ஜாக்கெட்: இது பாட்டியின் துறை. எவ்வளவு தடிமனாகவும் இருக்கலாம். நடக்கும்போது பைக்குள்ளும், நின்றபின் உடம்பிலும் இருக்கும்.

ஈ. காற்றும் மழையும் புகாத மேலுறை: அப்பா பணம் கட்டினால் போதும், கருத்து தேவையில்லை.

உ. பெரியப்பா ஸ்வெட்டர்: டேராடூன் வரை ரயிலில் போர்த்திக்கொள்ளலாம். மரியாதையும் குறையாது, ஏ.சி. கோச்சில் உதவியாகவும் இருக்கும்.

ஊ. மங்கி குல்லா: விவாதத்துக்கு இடமில்லை. உச்சியில் எடுத்த போட்டோ குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்ததும் முதலில் பெரிதாக்கிப் பார்க்கப்படுவது காதுதான்.