ஃப்ரீசர் இஞ்சிக்காரர்

கோவையில் பம்பு, மோட்டார் கம்பெனிகளில் முப்பது வருடம் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் ஒரு பிரிவினர் இஞ்சிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். பீளமேடு, கணபதி வட்டாரங்களில் இந்த இனம் மிகுதி. 2023 ஜூலையில் தக்காளியோடு இஞ்சியும் சேர்ந்து விலையேறியதே இவர்கள் பெருகியதற்குக் காரணம். அந்த மாதத்து வெறும் டீயை இஞ்சிக்காரர் மறக்கவில்லை. விலை இறங்கியதிலிருந்து கிலோக்கணக்கில் வாங்குகிறார். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

கொள்முதல் தியாகி குமரன் மார்க்கெட்டில். வயநாட்டுச் சரக்கா, கர்நாடகச் சரக்கா என்ற விசாரணை முடிந்ததும் ஒரு கொம்பை ஒடித்துப் பார்ப்பார். நாரில்லாமல் பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. தொக்குக்கு ஆகும், இருப்புக்கு ஆகாது. தோல் இறுகிய முற்றல்தான் தேறும். சுருங்கியதும் பூஞ்சணம் பிடித்ததும் ரிஜெக்ட். ஒடித்த கொம்பையும் சேர்த்தே கடைக்காரம்மா நிறுத்துவிடுவார்.

வீட்டில் மண் போகக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் காயும்வரை ஃபேனுக்கடியில் பரப்புவார். ஈரத்தோடு உள்ளே போனால் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். தோலைச் சுரண்ட ஸ்பூன். கத்தி சதையையும் சீவிவிடும். பாதி விரலளவுத் துண்டு, பாதி துருவி ஒரு ஸ்பூன் அளவு உருண்டை. தட்டில் பரப்பி உறைந்த பிறகே கவருக்குள் போகும், காற்றை அழுத்தி வெளியேற்றியபின். கவர்மேல் தேதி, எடை, லாட் நம்பர். மைனஸ் 18 டிகிரியில் ஐந்தாறு மாதம் தாங்கும்.

உறையும்போது இஞ்சிக்குள் இருக்கும் நீர் பனித்துகளாகிச் செல்சுவர்களைக் கிழித்துவிடுகிறது. வெளியே வைத்து இளகவிட்டால் சாறு வடிந்து கொழகொழத்துப் போகும். ஆகவே உறைந்தபடியே துருவ வேண்டும். அப்போது நார் படுத்தாமல் மாவாக உதிரும். இந்த விவரத்தை டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் சொல்லியிருக்கிறார்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மாலைதான் வரும். திறக்காத ஃப்ரீசர் அதுவரை தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். தாங்குகிறதா என்று பார்க்க நாலு தடவை திறப்பார்.

இஞ்சியை மணல்சட்டியில் புதைத்து வைத்த மாமியார் கட்சி வேறு. மிஞ்சியதைக் காயவைத்தால் சுக்கு. காயும்போது ஜிஞ்சரால் ஷோகாலாக மாறி, காரம் ஏறும். கரண்டும் வேண்டாம். இந்தக் கட்சியின் பேச்சு அவர் காதில் விழுவதில்லை.

"ஏனுங், ஒறம்பரை வந்துருக்குது, டீக்கு ரவையூண்டு இஞ்சி எடுத்துக் குடுங்" என்று வீட்டம்மா கேட்கும்போதுதான் சிக்கல். பழைய லாட் முதலில் போக வேண்டும் என்பது கம்பெனி விதி. பழைய லாட் அடியில் இருக்கிறது. அவர் ஒவ்வொன்றாக இறக்கி நோட்டில் பதிவதற்குள், முக்குக் கடையிலிருந்து பத்து ரூபாய் இஞ்சி வந்து, டீ கொதித்து, ஒறம்பரை குடித்துவிட்டு, "இஞ்சி நல்ல வாசமுங்க" என்பார்கள். ஃப்ரீசருக்குள் தலையை விட்டிருக்கும் அவர் அதை லாட் 7-க்கு நேராகக் குறித்துக்கொள்வார்.