கால் பங்குக்காரி

அனுப்புநர்: இறந்தவரின் மகன்.
பெறுநர்: வட்டாட்சியர் அலுவலகம் (கட்டடம்).
பொருள்: எங்கப்பா இறந்துபோனதற்கு வருத்தம் தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: தங்கள் ஜன்னலை 14 மாதங்களாக நான் பார்க்கும் பார்வை.

மாட்சிமை பொருந்திய அலுவலகமே,

கட்டடத்துக்குப் போய்க் கடிதம் எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கலாம். நான் மனுப் போட்ட நாளிலிருந்து மூன்று தாசில்தார்கள் மாறிவிட்டார்கள். மூவருமே நல்லவர்கள். முதலாமவர் "பார்க்கிறேன்" என்றார். அடுத்தவர் "பார்க்கலாம்" என்றார். இப்போதிருப்பவர் "பார்த்துட்டேனே, கீழே அனுப்பியாச்சே" என்கிறார். வினைச்சொல் காலம் மாறுகிறதே தவிர கோப்பு இடம் மாறவில்லை. இத்தனை நாளும் மாறாமல் இருப்பது தாங்களும் வாசலில் நிற்கும் வேப்பமரமும்தான். மரத்துக்கு எழுதினால் தபால்காரர் சிரிப்பார்.

விஷயம் சின்னது. மூன்று சென்ட் இடம், அதில் ஒரு ஓட்டு வீடு. 1986-இல் எங்கப்பா மில் சம்பளத்தில் வாங்கியது. 2021 தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா இப்போது என்னோடு மதுரையில், வாடகை வீட்டில் இருக்கிறார். ஊர் வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் சாமி படத்துக்குக் கீழே மட்டும்தான். விற்றால் அம்மாவின் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கலாம். வாங்கவும் ஆள் இருந்தார். அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தமும் போட்டார். அந்த மூன்று மாதம் முடிந்து இது பதினோராவது மாதம்.

அப்பா உயில் எழுதவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில்தான், பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை என்று ஒரு தீபாவளியன்று சொல்லிப் பார்த்தேன். "என்னைய எப்ப அனுப்பலாம்னு இருக்கியா?" என்று கேட்டார். அதற்குமேல் அந்த அதிரசம் எனக்கு இறங்கவில்லை. பால்காரருக்கு நாற்பது ரூபாய் பாக்கி என்பதைக்கூட நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்த மனிதர் அவர். எழுதாமல் விட்டது இது ஒன்றைத்தான்.

சேமிப்புக் கணக்கில் 3,412 ரூபாய் இருந்தது. அம்மா நாமினி என்பதால் இரண்டே வாரத்தில் கைக்கு வந்தது. நாமினி என்பவர் வாங்கி வைத்து வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய ஆள்தான், சொந்தக்காரர் இல்லை என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். அதற்குள் அந்தப் பணம் மாத்திரையாகிவிட்டது. வீட்டுக்குத்தான் தங்கள் வாரிசுச் சான்று வேண்டும் என்றார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர் "கோர்ட்டுக்குப் போய் வாங்குப்பா" என்று ஒரு நாள் என்னை அலையவும் விட்டார். கோர்ட்டு தருவது 1925-ஆம் வருஷச் சட்டத்துப்படி கடன், வைப்புத்தொகை, பங்குப் பத்திரம் இவற்றுக்கான சான்று. ஓட்டு வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டித் தங்களிடம் வந்தேன். முதல் மனு தள்ளுபடியானது. காரணம்: "உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை." எந்த ஆவணம் என்று இல்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். பிழை இருந்தால் அந்த எழுத்தைச் சுழித்து, ஓரத்தில் சரியானதை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். "இந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்குத் தோன்றாமலே போய்விட்டது. தோன்றியிருந்தால் கண்ணாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது மனுவில்தான் அப்பாவின் பெயரைப் பிடித்தீர்கள். பத்திரத்தில் அப்பாவின் இனிஷியல் பெ. இறப்புச் சான்றில் பி. தாத்தா பெயரின் முதலெழுத்தை யாரோ இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் அடித்திருக்கிறார். ஆதாரில் இனிஷியல் முழுப் பெயராக வளர்ந்து பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. பட்டாவில் இனிஷியலே கிடையாது. போதாததற்கு, அப்பா பெயர் 'ஐயா' என்று முடிவது. பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய புண்ணியவான் அதை 'அன்' என்று முடித்துவிட்டார். ஊரே ஐயா போட்டுக் கூப்பிட்ட மனிதரிடமிருந்து ஒரு விசைப்பலகை மரியாதையைக் கழற்றிக்கொண்டது.

நாலு பேரும் ஒருவரே என்று பிரமாண வாக்குமூலம் எழுதி நோட்டரியிடம் போனேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையில் அந்த வாசகம் ஏற்கெனவே கட்டுக்கட்டாக அச்சடித்துக் கிடந்தது, பெயருக்கு மட்டும் இடம் விட்டு. பார்த்ததும் எனக்கு ஓர் ஆறுதல். இந்தத் தாலுகாவில் ஒரே பெயரோடு செத்தவர் யாருமே இல்லை போலிருக்கிறது.

அடுத்து விசாரணை. எங்கள் கிராம நிர்வாக அலுவலருக்கு இன்னும் இரண்டு கிராமம் கூடுதல் பொறுப்பு. திங்கட்கிழமை போனால் அங்கே இருப்பார், செவ்வாய் போனால் திங்கட்கிழமை இங்கே இருந்தார் என்பார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் மேஜைக்கு ஒரு கால் கிடையாது, செங்கல்தான். ஆர்.ஐ.யிடம் போக, அங்கிருந்து துணை தாசில்தாரிடம் போக என்னென்ன 'டீ செலவு' ஆயிற்று என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் ரசீதை இணைக்கச் சொல்வீர்கள்.

இதற்கிடையில் 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு ஏறியது. விற்பனைப் பத்திரத்துக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆக இறங்கியது. வாங்குபவர் இரண்டையும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சீக்கிரம் முடிச்சிருந்தீங்கன்னா..." என்று நிறுத்தினார். மீதியை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மனுவில் அம்மா, நான், தங்கை என்று மூன்று பெயர் எழுதியிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா போன் போட்டார். "அவளைத்தான் பதினஞ்சு பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே, அவ பேரு எதுக்குப்பா?" பெண்பிள்ளைக்குப் பங்கு என்றதும் 1989, 2005 என்று ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். அவையெல்லாம் பூர்வீகச் சொத்துப் பஞ்சாயத்து. அப்பன் தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் போனால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956-லேயே எழுதியாயிற்று. இதை நான் சொன்னபோது சித்தப்பா, "சட்டம் ஆயிரம் சொல்லும்" என்றார். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

போன மாதம் ஒரு காலையில் தங்கள் வாசல் டீக்கடையில் எங்கள் ஊர்த் தலையாரியைப் பார்த்தேன். கிராம உதவியாளர் என்று சொல்ல வேண்டும், மன்னிக்கவும். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏப்பா, ஒங்க அப்பத்தா ஒங்கப்பனுக்குப் பின்னாடிதான போச்சு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப அதுவும் வாரிசுல்ல?"

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தாள் போதாது. பதின்மூன்று மாதம் ஓடி, பெ.யையும் பி.யையும் ஒன்றாக்கி, செங்கல் மேஜைவரை வந்த பிறகு செத்துப்போன கிழவியைக் கிளப்புகிறாரே இந்த மனுஷன் என்று. நேரே பத்திர எழுத்தரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார், சரிதான் என்று. ஆண் ஒருவன் உயிலில்லாமல் இறந்தால் மனைவி, மக்களோடு அவனைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. பெற்ற தகப்பன் அந்த வகுப்பில் இல்லை, தாய் மட்டும் உண்டு.

எழுத்தர் பழைய காலத்து ஆள். துண்டுத்தாளில் கால், வீசம் என்று போட்டுக் காட்டினார். அப்பா இறந்த நிமிஷத்தில் வீடு நாலு பங்கு: அம்மா, நான், தங்கை, அப்பத்தா. ஆளுக்குக் கால். பதினோரு மாதம் கழித்து, மார்கழியில், அப்பத்தா இறந்தபோது அவளுடைய கால் பங்கு அவள் பெற்ற நாலு பேருக்குப் போகிறது. சித்தப்பாவுக்கு வீசம், பெரிய அத்தைக்கு வீசம், சின்ன அத்தைக்கு வீசம். எங்கப்பாவுக்கு வரவேண்டிய வீசம் உடைந்து எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கு அரை வீசம். மூன்று சென்ட் என்பது 1,307 சதுர அடி. வீசம் என்றால் 82 சதுர அடி. அதாவது எங்கள் அடுப்படி.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லப்பா" என்றார். மறுநாளே அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் பவர் பத்திரம் எழுதி வாங்க என்ன வழி என்று விசாரித்தும் விட்டார். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று அவர்தான் எனக்குச் சொல்கிறார். வீசத்துக்கு என்ன வீரியம் பாருங்கள்.

இனி அப்பத்தாவுக்கு இறப்புச் சான்று வேண்டும். அவள் சாவை நாங்கள் பதியவில்லை. 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது தெரியும். அப்பாவுக்குப் பதிந்தோமே. ஆனால் அப்பத்தாவுக்கு எதற்கு என்று இருந்துவிட்டோம். அவள் பேரில் என்ன இருந்தது, சான்று வாங்க? ஒரு வருஷம் தாண்டியதால் இப்போது ஆர்.டி.ஓ. உத்தரவு வாங்கச் சொல்கிறீர்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். அப்பத்தாவுக்குத் தங்கள் கட்டடத்திலிருந்துதான் மாதம் 1,000 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்தது. அவள் மார்கழியில் போனாள். தை மாதமே பணம் நின்றுவிட்டது. எந்தச் சான்றும் நாங்கள் கொடுக்கவில்லை, எந்தச் சான்றும் தாங்கள் கேட்கவில்லை. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர் அறைக்கு அவள் செத்தது தெரிந்திருக்கிறது. இரண்டு கதவு தள்ளியிருக்கும் அறையில் அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், ஆர்.டி.ஓ. வந்து சொல்லும்வரை. அதே முதல் அறையின் பதிவேட்டில் அவள் 'ஆதரவற்றவர்'. இரண்டாவது அறையின் கணக்குப்படி அவள் கடைசிப் பதினோரு மாதமும் 327 சதுர அடிக்குச் சொந்தக்காரி.

இதைத் தங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. ஆதரவற்றவர் என்ற அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது என் கையெழுத்து. 'பராமரிக்க ஆளில்லை' என்று எழுதியவனும் நான்தான். மாதம் ஆயிரம் வந்தால் நல்லதுதானே என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். புரூஃப் பார்ப்பவன் அந்த வரியைச் சுழிக்கவில்லை.

அவள் படுத்திருந்தது திண்ணையில். அப்பா போன பிறகு உள்ளே படுக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லமுடியாது, கூப்பிட்டோம். மழை நாளில் மட்டும். "இது எம் மகன் வாங்குன வீடு, எங்க படுத்தா என்ன" என்பாள். அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உங்கள் தலையாரி ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அப்பத்தாவுக்குப் பச்சை மட்டை வெட்டிப் பாடை கட்டியது அவர்தான். அதனால் யார் பின்னால் யார் போனது என்பதில் அவருக்குக் குழப்பமில்லை.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து, ஆர்.டி.ஓ. உத்தரவு வந்ததும், வாரிசுச் சான்றில் நாலாவது வரியாக அப்பத்தாவைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உறவுமுறை என்ற கட்டத்தில் தாய். சொத்தோடு சேர்த்து அவள் பெயர் ஒரு தாளில் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஆதலால் அந்த ஒரு வரியை மட்டும் அச்சுக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்டினால், நான் தங்கள் ஜன்னலிலேயே நின்று புரூஃப் பார்த்துத் தந்துவிடுவேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மேற்படி பெ. அல்லது பி. என்பவரின் மகன்.

இணைப்பு: 60 ரூபாய் ரசீதுகள். ஒருவரே என்ற பிரமாண வாக்குமூலம். பத்திர எழுத்தர் கணக்குப் போட்ட துண்டுத்தாள். திண்ணையின் அளவு, ஆறடிக்கு மூன்றடி, இது கேட்கப்படவில்லை.