முட்டிக்கு வயது ஐம்பது

திருச்சி காட்டூரில் நாற்பதைத் தாண்டியவர் ஓடினால் தெரு கேட்கும் முதல் கேள்வி: "என்ன சார், பஸ் போயிடுச்சா?" அடிபட்ட காலோடு மறுபடியும் போட்டிக்கு என்றால், வீட்டிலேயே சிரிப்பார்கள்.

தமிழக சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனைச் சொல்லிப் பார்க்கலாம். 2004 விபத்தில் மூட்டு உடைந்தவர், ஐம்பதுக்கு மேல் ஓடத் தொடங்கி நூறு அரை மாரத்தானைத் தாண்டினார். ஒவ்வொன்றும் 21 கிலோமீட்டர். "அவர் மந்திரியா இருந்தவர், அவர் முட்டி வேற" என்று டீ ஆற்றுகிறவர் வழக்கை முடித்துவிடுவார். நமக்கோ தஞ்சைச் சாலையில் லாரி வழிவிட வேண்டும். அந்தச் சாலைக்கான பால்பண்ணை–துவாக்குடி சர்வீஸ் ரோடு கோரிக்கைதான் இங்கே வருடக்கணக்கில் களைக்காமல் ஓடியது.

போட்டிக்கே போனாலோ, மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலேயே நீங்கள் மூத்தவர். பிறகு ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. அதனால் 49 வயதுக்காரர் பயிற்சியைவிடப் பிறந்தநாளைத்தான் நம்புகிறார்; ஐம்பது பிறந்தால் அந்தப் பிரிவில் அவர்தான் பொடியன்! தொடக்கக் கோட்டருகே நின்று பாருங்கள்: ஒருவர் முட்டிப்பட்டையை இழுத்துவிடுவார், இன்னொருவர் வலிக்களிம்பு தேய்ப்பார், பேச்செல்லாம் எம்.ஆர்.ஐ. பற்றியே.

ஓட ஆசைப்படுகிற காட்டூர்க்காரர்களே, முதலில் பிசியோவிடம் போய்த் தொடைத்தசைக்குப் பயிற்சி கேளுங்கள். ஷூவை அப்புறம் வாங்கலாம்.