கடற்கொள்ளைக்காரனுக்கு எங்களூர் இட்ட தீர்ப்பு

ஒரு நூலைப் பற்றிப் பண்டிதர் கூறும் அபிப்பிராயம் அணிந்துரையாக முன்பக்கத்தில் அச்சாகிறது. பத்திராதிபர் கூறும் அபிப்பிராயம் மதிப்புரையாக வாரப் பதிப்பில் அச்சாகிறது. ஆனால் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் வழக்கமில்லாத, வாசிகசாலை அலுமாரியை நம்பியே இலக்கிய வாழ்வு நடத்தும் பெருங்கூட்டத்தாரின் அபிப்பிராயமோ, அச்சேறும் பாக்கியம் பெறாமல், அந்நூலின் ஓரங்களிலேயே பென்சில் எழுத்தாகக் கிடந்து மங்கிப்போகிறது. இந்த ஓர இலக்கியத்தில் எனக்குச் சிறுவயது முதற்கொண்டே ஈடுபாடு அதிகம். பருத்தித்துறை வாசிகசாலை ஒன்றில் இருந்த சாண்டில்யனின் ‘கடல் புறா’வை நான் கதைக்காக ஒரு முறையும், ஓரத்துக்காகப் பல முறையும் படித்தவன்.

அறுபதுகளில் ‘குமுத’த்தில் தொடராக வெளிவந்து, பின்னர் மூன்று பெரும் பாகங்களாக உருவெடுத்த அந்தக் கதையின் விசேஷம் யாதெனில், அதில் வரும் நாயகர்களுள் ஒருவராவது முற்றும் யோக்கியர் அல்லர் என்பதே. சோழ அரசவம்சத்து அநபாயன் கள்வனைப் போல ஒளிந்து திரிகிறான். அகூதா என்ற சீனன் பேர்பெற்ற கடற்கொள்ளைக்காரன். அமீர் என்ற அராபியனின் பூர்வோத்தரமும் துருவி விசாரிக்கத் தக்கதன்று. படைத்தலைவனாகத் தோன்றும் இளையபல்லவனோ, நாளடைவில் தானும் கொள்ளைக்கலை பயின்று, புறா வடிவில் ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டு, கீழைக்கடல் முழுவதையும் நடுங்கவைக்கிறான். சரித்திர நாவல் என்று அட்டை சொன்னாலும், மந்திரவாதி ஒருவன் இல்லாத குறையைத் தவிர, மாயாஜாலக் கதைக்கு வேண்டிய சகல அம்சங்களும் அதில் உண்டு. சரித்திரம் கறிக்கு உப்பு என்ற அளவில்தான்.

ஆனால் அந்த உப்பு எங்கள் வடமராட்சி உப்பு என்பதில்தான் விவகாரமே தொடங்குகிறது. இளையபல்லவன் என்பவன் வேறு யாருமல்லன். முதற் குலோத்துங்கனின் சேனாதிபதியும், செயங்கொண்டார் பரணி பாடிய கலிங்கப்போரை வென்றவனுமான கருணாகரத் தொண்டைமான். அவன் உப்புக்காக இங்கு வந்தான் என்பதும், கரணவாய்ப் பக்கத்து உப்பைக் கப்பலேற்றுவதற்காகக் கடலுக்கு வழி வெட்டினான் என்பதும், வல்வெட்டித்துறைக்கு அப்பால் சன்னதி முருகன் கோவிலை ஒட்டிக் கடலில் கலக்கும் தொண்டைமானாறு அதனாலேயே அப்பெயர் பெற்றது என்பதும் எங்கள் செவிவழி மரபு. ஆகவே முதற் பாகத்தின் முதற் பக்கத்திலேயே ஒரு வாசகர், “இவர் எங்கடை ஆள்” என்று எழுதிவைத்தார். அதன்கீழ் இன்னொரு கை, “ஆறு வெட்ட வந்தவர் ஊரவர் ஆகார்” என்று ஆட்சேபம் தெரிவித்தது. “வெட்டினவருக்கே உரிமை இல்லையெனில் உமக்கு ஏது?” என்றது மூன்றாவது கை. நாலாவது கைக்குரியவர் ஒரு பூமிசாஸ்திர ஆசிரியராயிருத்தல் வேண்டும். “அது ஆறே அல்ல, கடல்நீரேரியின் வாய்” என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்.

உறவு இவ்வாறு ஸ்தாபிதமாகிவிட்டபடியால், கொள்ளைக்காரன் என்ற சொல் எங்கள் வாசகர் எவரையும் உறுத்தவில்லை. சொந்தக்காரர் செய்தால் அது சாமர்த்தியம். இந்தக் கரையோரத்தில் இராக்காலங்களில் இறங்கிய சரக்குகளைப் பற்றிச் சுங்க இலாகாவினர் எழுதவேண்டிய மகாகாவியத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. கப்பல் மறிக்கும் அத்தியாயங்களை எங்களூரார் எத்துணை அநுதாபத்துடன் படித்தார்கள் என்பதற்குச் சாட்சியாக அந்தப் பக்கங்களில் பருத்தித்துறை வடையின் எண்ணெய்க்கறை படர்ந்திருந்ததை மட்டும் குறிப்பிட்டு அமைகிறேன். சண்டை மும்முரமாகுந்தோறும் கையைத் துடைக்க அவகாசம் இராதல்லவா?

மெய்யான ஆட்சேபம் வேறொரு திசையிலிருந்து வந்தது. எனது அயலில் ஒரு தண்டையல் இருந்தார். பாய்க்கப்பலில் பர்மாவரை போய் அரிசியும் தேக்கும் ஏற்றிவந்தவர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அவ்வூர்க் கடலோடிகள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை செலுத்தி 1938இல் கொண்டுபோய்ச் சேர்த்ததை, தாமே சுக்கான் பிடித்தவர் போலச் சொல்லும் பரம்பரையினர். கண்பார்வை மங்கியபடியால், மாலை வேளைகளில் பேரன் திண்ணையிலிருந்து ‘கடல் புறா’வை வாசிக்க, அவர் சாய்மனைக்கதிரையில் கண்ணை மூடியபடி கேட்பார். இளையபல்லவனின் கப்பல் பகைவர் கையிலிருந்து தப்பி விரையும் உச்சக்கட்டத்தில் ஒருநாள் அவர் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தினார்.

“எந்த மாசம்?”

“மாசம் போடேல்லை, அப்பு.”

“காத்து எங்காலை?”

“அதுவும் இதிலை இல்லை.”

“மாசமும் இல்லை, காத்தும் இல்லை. அப்ப உந்தக் கப்பலை ஆரடா தள்ளுறது?”

வைகாசிக்குமேல் சோளகம் எழுந்தால் கப்பல் கிழக்கே போகும். ஐப்பசி கழிந்து வாடை விழுந்தால் திரும்பி வரும். இடையில் கச்சானும் கொண்டலும் தத்தம் மனம்போல நடந்துகொள்ளும். இதற்கு மாறாக நினைத்த திசைக்கெல்லாம் கப்பலைத் திருப்ப அரசகுமாரனுக்கும் அதிகாரமில்லை, ஆசிரியருக்கும் அதிகாரமில்லை என்பது தண்டையலின் சித்தாந்தம். கொள்ளையடித்ததை அவர் ஒருபோதும் குறைகூறவில்லை. “அது அவன்ரை தொழில். ஆனால் காத்தை விசாரியாமல் பாய் எடுக்கிறவனை நான் தோணியிலை ஏத்தமாட்டன்” என்றார். விமர்சகர்கள் நூல்நூலாக எழுதியும் எட்டாத இடத்தை அவர் சாய்மனைக்கதிரையிலிருந்தே எட்டிவிட்டதாக நான் இன்றும் கருதுகிறேன்.

கடாரத்தைப் பற்றிய அத்தியாயங்களுக்கு ஒரு மலாயன் பென்சனியர் வியாக்கியானகர்த்தரானார். சோழர் கடாரம் என்றது தாம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த கெடாப் பகுதியையே என்பது தெரிந்த மாத்திரத்தில், அவர் அந்நூலின்மேல் பூரண பாத்தியதை கொண்டாடத் தொடங்கினார். கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியின் சௌந்தரியம் வர்ணிக்கப்படும் இடத்தில், “அலோர் ஸ்டார் ஸ்டேஷனில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படி ஒருவரையும் காணவில்லை” என்பது அவரது குறிப்பு; வேறு மையில், பெண்ணெழுத்தில், “நல்லகாலம்” என்று அதற்கு ஒரு பதில்.

வர்ணனைகளைப் பற்றிச் சொல்லவந்தால், சாண்டில்யன் அவ்விஷயத்தில் தாராளமானவர் என்பதை உலகறியும். சைவாசாரம் தவறாத பெரியவர் ஒருவர் அத்தகைய பக்கந்தோறும் “ஆபாசம்” என்று அழுத்தி எழுதியிருந்தார். மூன்று பாகங்களிலும் ஒரு வர்ணனையையேனும் அவர் தவறவிட்டிலர். காஞ்சனாதேவி ஒருபுறமும் மஞ்சளழகி மறுபுறமுமாக நாயகன் தத்தளிக்கும் கட்டம் எங்கள் தாய்மாரை வேறுவிதமாகப் பாதித்தது. காதல் அவர்களுக்கு அற்ப விஷயம். இருவருள் யாருக்கு என்ன சீதனம், காணியா நகையா, என்று ஆசிரியர் ஓரிடத்திலும் தெரிவிக்காததே அவர்கள் மனக்குறை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வடித்த தேசவழமையை மேற்கோள் காட்டி, இரு மனைவியரின் பிள்ளைகளுக்கும் அந்தப் புறாக்கப்பல் எவ்வாறு பங்கிடப்படும் என்று ஒரு நொத்தாரிசு அரைப்பக்கம் எழுதியிருந்தார்.

கல்கியின் கட்சியார் இத்தனைக்கும் வெளியே நின்றார்கள். ‘பொன்னியின் செல்வ’னிலும் தொண்டைமானாற்று முகத்துவாரம் வருகிறது, வந்தியத்தேவன் வாய்கூசாமல் பொய் சொல்வானேயன்றிக் களவெடான் என்பது அவர்கள் பெருமை. ஞாயிறுதோறும் வல்லிபுரக் கோவிலுக்குப் போகிற ஒருவர், சைவரோடு தடியெடுத்து வாதாடும் ஆழ்வார்க்கடியானே மூலநாயகன் என்று சாதித்தார். சைவர் நிறைந்த ஊரில் அவருக்கு அடி விழாததே ஆச்சரியம்.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது, கிழிந்தும் கறைபட்டும் இருந்த இந்தப் பிரதிகளுக்கு வந்த மவுசு கொஞ்சமல்ல. அப்போதுதான் மூன்றாம் பாகம் அலுமாரியிலிருந்து மறைந்தது. பதிவேட்டில் ஒப்பம் இல்லை. எடுத்தவர் நாயகனிடம் பாடங்கேட்டவர் என்பதில் சந்தேகமும் இல்லை. அதனை இன்றுவரை வைத்திருக்கும் அன்பர், கனடாவிலோ நோர்வேயிலோ, அல்லது அடுத்த ஒழுங்கையிலேயோ இருந்து இதனைப் படிக்க நேரின், இராக்காலத்திலேனும் கொண்டுவந்து வாசிகசாலை வாசலில் வைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயர் விசாரிக்கப்படாது, குற்றப்பணம் அறவிடப்படாது, ஓரக்குறிப்புகளை மட்டும் தயவுசெய்து அழிக்கவேண்டாம்.