பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்

தமிழ்நாட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால், கௌரவமான குடும்பஸ்தன் முதலில் ஒரு பொய் சொல்வான். என் பொய் தஞ்சைப் பெரிய கோயில்.

பொய் என்றால் கோயிலில் குறை என்று அர்த்தமில்லை. ராஜராஜன் 1010ல் கட்டி முடித்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது. நானும் அப்படியே. திருச்சி உறையூரில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருக்கும் தஞ்சாவூருக்கு, வெளியூர் விருந்தாளியை எங்காவது கூட்டிப்போயே தீர வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் ஒழிய நகர்வதில்லை. போனாலும் நந்தியைச் சுற்றிவிட்டு உட்கார இடம் தேடுவேன். "இந்த விமானத்தோட நிழல் தரையில விழாது, அதுதான் அதிசயம்" என்று பக்கத்தில் யாராவது ஒரு தகப்பனார் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருப்பார். அந்தக் குடும்பமும் என் குடும்பமும் வெயிலுக்கு ஒதுங்கியிருப்பது விமானத்தின் நிழலில்தான்.

இந்தப் பொய் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கெடுத்தவர் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஜூலை 18 தமிழ்நாடு நாளாம். சாயங்காலம் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு விழாவாம். வீட்டுக்கு ஒருவர் 'நம் மாநிலத்தில் எனக்குப் பிடித்தது' என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். வாசல் வரை போனவர் திரும்பி, "பெரிய கோயிலை மட்டும் விட்டுடுங்க சார். ஏற்கெனவே நாலு பேர் எடுத்துட்டாங்க" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "பதினெட்டுன்னா ஆடிப் பதினெட்டுதானே? அது ஆகஸ்ட்ல வரும். அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவேரியைக் கும்பிடாம மொட்டை மாடியில என்ன விழா?" என்றாள் என் மனைவி. இது வேறு பதினெட்டு என்று வரலாற்றை அவிழ்க்க வேண்டியதாயிற்று. 1956 நவம்பர் 1ல் மொழிவாரியாக எல்லை பிரித்தபோது மாநிலத்துக்கு ஏறக்குறைய இன்றைய உருவம் வந்தது. பெயர் மட்டும் மெட்ராஸ். பெயரை மாற்றச் சொல்லி அந்த வருஷமே விருதுநகர் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். 1967 ஜூலை 18ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14, பொங்கலன்று, தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் உயிரைக் கொடுத்துக் கேட்ட பெயர். நான் அதைப் பெரும்பாலும் மின்கட்டண ரசீதில்தான் பார்க்கிறேன்.

"இதுல எதுதான் பிறந்தநாள்?" என்று மனைவி கேட்டாள். அம்மாவுக்கு இது ஒரு சந்தேகமாகவே படவில்லை. எனக்கே இரண்டு உண்டு. பிறந்தது ஐப்பசி அடைமழையில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டுவிட்டேன், அதற்குத் தகுந்த மாதிரி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அந்த ஜூனில்தான் வங்கி என்னை ஓய்வும் பெறவைத்தது. ஒரு ஆளுக்கே இரண்டு இருக்கும்போது இத்தனை கோடிப் பேர் இருக்கும் மாநிலத்துக்கு மூன்று இருந்தால் என்ன என்பது அம்மாவின் தீர்ப்பு.

பெரிய கோயில் கைவிட்டுப் போனதால், வீட்டிலிருப்பவர்களிடம் ஆளுக்கொன்று கேட்டு அதையே என் கருத்தாகப் பேசிவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "ரேஷன் கடை" என்றாள்.

இதில் நியாயம் இருக்கிறது. 1997ல் மத்திய அரசு ரேஷனில் ஏழை, ஏழையல்லாதவர் என்று கோடு கிழித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவனும் அரிசி அட்டை வைத்திருக்க முடிகிறது. 2011லிருந்து அந்த அரிசிக்குக் காசும் கிடையாது. அரிசி வேண்டாம் என்பவர்களுக்குச் சர்க்கரை அட்டை உண்டு. எதுவுமே வேண்டாம் என்ற பெருந்தகைகளுக்குப் பொருளே தராத அட்டையும் உண்டு. வங்கியில் வேலை பார்த்த காலத்தில், நாமும் அந்தக் கடைசி வகைக்கு மாறிவிட்டால் கௌரவமாக இருக்குமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "கௌரவத்தை ஊறப்போட்டு அரைச்சா இட்லி வருமாடா?" என்றாள் அம்மா. ரேஷன் புழுங்கலுக்கு ஈடாக இன்னொரு இட்லி அரிசி கிடையாது என்பது அவள் கட்சி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள் என்று பேப்பரைப் பார்த்துச் சொன்னபோதுகூட, "கல்லுக்குக் கொடுத்தாங்க சரி, உள்ள போற அரிசிக்கு?" என்று கேட்டாள்.

இப்போது கடையில் விரல் ரேகை வைத்தால்தான் பொருள். என் விரலை மட்டும் அந்த மெஷின் சேர்த்துக்கொள்வதில்லை. கட்டைவிரல், அடுத்து ஆள்காட்டி விரல், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் கட்டைவிரல். பின்னால் நின்ற ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, "சித்தாள் வேலை பார்க்குறவங்களுக்கு இப்படித்தான் ரேகை தேஞ்சு போயிடும். சாரும் நல்லா பாடுபட்டவரு போல" என்றார். பக்கத்திலேயே நின்ற என் தாயார், "தேயல்லாம் இல்லம்மா. இவனுக்கு வளரவே இல்ல" என்றாள். வரிசை மொத்தமும் சிரித்தது. மெஷினும் அந்த நேரம் பார்த்து ஏற்றுக்கொண்டு பீப் என்றது.

அடுத்து மனைவி. "முதல் நூறு யூனிட் இலவசம்" என்றாள். 2016லிருந்து இருக்கும் சலுகை. ஆனால் அவளுடைய வாழ்க்கை நடப்பது அந்த நூறில் இல்லை, ஐந்நூறில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, முன்னால் யோக்கியமாக எரித்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். இந்த ஒரு விதி போதும், எங்கள் வீட்டில் ராணுவ ஆட்சி வர. கணக்கெடுக்க ஆள் வரப்போகும் வாரத்தில் தினமும் காலையில் கீழே போய், செல்போன் விளக்கை அடித்து மீட்டரைப் பார்த்துவிட்டு வருவாள். "நானூத்தி எழுபது" என்பாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது. ஏசி ரிமோட் அரிசி டின்னுக்குள் இறங்கிவிடும். கணக்கெடுப்பு கத்திரி வெயிலில் வந்து விழுந்தால், அக்னி நட்சத்திரத்தையும் அவளையும் ஒரே சமயத்தில் நான் சமாளிக்க வேண்டும். பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலிருக்கும் விளக்கு அணையும். "ஜன்னல் பக்கம் தள்ளி உட்காருங்க. சூரியன் சும்மாதானே எரியுது?" 499ல் கணக்கை முடித்த மாதம் அவள் ரவா கேசரி செய்தாள். முந்திரி நிறையப் போட்டு.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் போட்டேன். "சாம்பார்ல வெல்லம் போட மாட்டாங்க. அது போதும்பா" என்று வைத்துவிட்டான். மீட்டிங்கில் இருந்தானாம்.

அரிசியையும் யூனிட்டையும் சாம்பாரையும் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நிற்க முடியுமா? சொந்தமாகவே யோசித்துவிடுவது என்று ஈசிசேரில் சாய்ந்தேன். வழக்கமாக எனக்கு அங்கே தூக்கம்தான் வரும். அன்றைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த மாநிலத்தில் பிறந்ததிலிருந்து நான் எதையும் முன்கூட்டி யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. முதல் காரணம், பஸ்.

மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று திருச்சிக்காரன் எவனும் கேட்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் ஒன்று நகர்ந்துகொண்டிருக்கும், ஒன்று உறுமிக்கொண்டிருக்கும், ஒன்று காலியாக நிற்கும். ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டுக் காலி பஸ்ஸில் ஏறினால் உறுமுகிற பஸ் போய்விடும். மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். எல்லாரும் சென்னையில் போய் அடைந்துகொள்ளவில்லை என்பதுதான் இதில் அழகு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு, அந்த பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு டீக்கடை. துவரங்குறிச்சியில் ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கி நின்றிருக்கிறேன். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தட்டில் வடை இருந்தது. வடை எத்தனை மணிக்குச் சுட்டது என்று கேட்காமல் சாப்பிட வேண்டும். திண்டுக்கல் ரோட்டில் போனால் மணப்பாறையில் முறுக்கு ஏறிவரும். அதற்கும் 2023ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. எனக்கு அது இன்னமும் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது.

எனக்குக் கொஞ்சநஞ்சம் சரித்திரம் தெரிவதும் பஸ்ஸால்தான். 1970களிலிருந்து போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர்கள் வைத்தார்கள். சென்னையில் பல்லவன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், நெல்லையில் கட்டபொம்மன்; தூரம் போகிறதெல்லாம் திருவள்ளுவர். சோழனைத் துரத்திக்கொண்டு ஓடி, நடுவழியில் மூச்சு வாங்கி, பாண்டியனில் தொங்கிக்கொண்டு போன தலைமுறை நாங்கள். இன்ன தலைவர் பெயரை வைக்கலாமா, கூடாதா என்று சண்டை முற்றியதில் 1997ல் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். ராஜாக்கள் போனார்கள், வள்ளுவர் மட்டும் பஸ்ஸுக்குள்ளே பலகையில் தங்கிவிட்டார். 1,330 குறளில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை, பஸ் கிளம்பத் தாமதமான நாட்களில் படித்தவைதான். சரியான நேரத்துக்கு எடுத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

தொலைதூர பஸ்கள் நடுராத்திரியில் நெடுஞ்சாலை மோட்டல் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துவார்களே, அதை என் பேச்சில் சேர்க்கவில்லை. தோசை வாங்குவதற்குள் பஸ் ஹாரன் அடிக்கும் இடம். மாநிலப் பற்றுக்கும் ஒரு எல்லை உண்டு.

கைப்பேசியை மேஜையில் வைத்துக் கடிகாரம் ஓடவிட்டு, பேச்சை மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். "ஆகவே நண்பர்களே, எதையும் திட்டமிடத் தெரியாத ஒருவன் நிம்மதியாக வாழ உகந்த பூமி நம் தமிழ்நாடு. பஸ் தானாக வரும். கீரை தெருவில் வரும். பூ வாசலுக்கு வரும். பசித்தால் தெருமுனையில் மாவு இருக்கும்..."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பூ வாசலுக்கு வரும். சில்லறை யாரு எடுத்து வைக்கிறது? ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கயோ இறங்கி நின்னீங்களே, பையில மாத்திரை இருந்துச்சா இல்லையா?"

"இருந்தது."

"துண்டு?"

"இருந்தது."

"அதெல்லாம் புவிசார் குறியீடு இல்லீங்க. நான் வச்சது."

அந்த இடத்தில் ஐந்து நிமிஷப் பேச்சு மூன்றரை நிமிஷமாகச் சுருங்கியது. மீதியை நிரப்ப, "உனக்கு நிஜமாகவே எது பிடிக்கும், அந்த ஐந்நூறு யூனிட்டா?" என்று கேட்டேன்.

"அது வீட்டுக்குப் பிடிச்சது. எனக்குன்னு கேட்டா ஓசி பஸ்" என்றாள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூஜ்ஜியம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் அவள் வெளியே போக வேண்டுமென்றால் என்னிடம் காரணம் சொல்லி, நான் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, "அவசியம் போகணுமா?" என்று ஒரு கேள்வி கேட்பேன். அந்தக் கேள்விக்கு இப்போது மவுசு போய்விட்டது. மலைக்கோட்டைப் பக்கம் வெந்தயம் விலை குறைவு என்று கிளம்புகிறாள். தனியார் பஸ் வந்து நின்றாலும் ஏறுவதில்லை; அரசு பஸ் வரும் வரை நின்று, ராணி மாதிரி ஏறுகிறாள். திருச்சியில் எனக்குத் தெரியாத தெருவெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

இன்றைக்கு விழா. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஸ்ரீரங்கத்திலிருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். என் பட்டுக்கரை வேட்டியை எங்கே வைத்திருக்கிறாள், கண்ணாடி எங்கே, பேச்சை எழுதிய தாள் எங்கே என்ற விவரங்களும் அவளோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைக் கடந்து போய்விட்டன. நாலு மணிக்கு போன் செய்தேன். "காபி குடிச்சிட்டுக் கிளம்பிடுறேன்." ஐந்துக்குச் செய்தேன். பின்னால் அக்காவின் சிரிப்பும் மிக்சி சத்தமும் கேட்டன. "இதோ அடுத்த பஸ்." ஐந்தரைக்கு அம்மா ஷாமியானாவில் முன்வரிசையில் இடம் பிடிக்கப் போய்விட்டாள். மறுபடியும் செய்தேன்.

"ஏங்க பதறுறீங்க?" என்றாள். "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு. நீங்கதானே எழுதியிருந்தீங்க?"