இடம் கொடுத்தால் மலை பிடுங்குவார்
(கேள்வி - பதில்)

கோடை நெருங்க நெருங்க, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அரசியலும் சினிமாவும் குறைந்து, மலைப் பிரயாணம் பற்றிய கேள்விகளும் புகார்களுமே மேலோங்கி நிற்பது வழக்கமாகிவிட்டபடியால், இந்த இதழில் மற்ற விஷயங்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, மலைக்குப் போகிறவர்களுக்கும் மலையில் இருக்கிறவர்களுக்கும் மட்டும் பதில் சொல்ல உத்தேசம்.

*

கேள்வி: ஊட்டிக்குப் போக இ-பாஸ், கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ்! இந்தியப் பிரஜை இந்தியாவுக்குள் போய்வர அனுமதிச் சீட்டா? சுதந்திரம் எதற்கு வாங்கினோம்?
— சுதந்திரப் பிரியர், திருப்பூர்

பதில்: அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து, நாடெங்கும் தடையின்றிச் சஞ்சரிக்கும் உரிமையைத் தங்களுக்கு அளித்திருப்பது வாஸ்தவம், ஆனால் அதே ஷரத்து, சில வரிகள் கீழே இறங்கியதும், பொதுஜன நன்மையை முன்னிட்டு அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொல்லியிருப்பதை, உரிமையைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் கவனிப்பதில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் அமலுக்கு வந்தது. அதற்கும் கூட்டம் அடங்காமற் போகவே, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் தினம் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று வரம்பும் கட்டப்பட்டது. இதில் தாங்கள் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. ஆகவே கட்டுப்பாடு பிரஜைக்கு அல்ல, பிரஜையின் காருக்கே. சாசனத்தை இயற்றிய பெரியவர்கள் சஞ்சார உரிமையைக் கார்களுக்கும் சேர்த்து வழங்கியதாக நான் படித்ததில்லை.

*

கேள்வி: கொழுக்குமலைக்குச் சூரியோதயம் பார்க்கப் போனோம். சூரியனைவிட ஜீப்புகளையே அதிகம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இந்தக் கூட்டத்துக்கு ஒரு முடிவே கிடையாதா?
— ஏமாந்த குடும்பத்தலைவர், மதுரை

பதில்: கொழுக்குமலை நமது தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், வண்டியில் போவதானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏறவேண்டும் என்பது பூகோளம் செய்த வேடிக்கை. இருள் பிரியுமுன்பே அங்கே ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, பாதை என்று மரியாதைக்காகச் சொல்லப்படும் கற்குவியலின் மேல் ஏறி இறங்கி, உள்ளே இருப்பவர்களைக் கூரைக்கும் இருக்கைக்குமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பந்தாடி, கம்பியைப் பிடித்த உள்ளங்கைகள் சிவந்து, முன்வண்டியின் புழுதி பின்வண்டியின் தலைமுடியில் படிந்த நிலையில், கடைசியில் எல்லோரையும் ஒரே பாறை விளிம்பில் கொண்டுபோய் இறக்கிவிடுகின்றன. அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நிற்பவரின் செல்போனைப் பார்த்து, ‘எவ்வளவு கூட்டம்!’ என்று அலுத்துக்கொள்கிறார். தம்மைத் தவிர மற்றவர்களை எண்ணினால்தான் கூட்டம் என்று பெயர் என்பது மனித சுபாவத்தின் பழைய கணக்கு. தாங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் அந்த மலைக்குப் பரிவாரமின்றித் தனியாக வந்து சேருகிறவர் சூரியபகவான் ஒருவரே.

*

கேள்வி: புதிதாக ‘ஃபோர் பை ஃபோர்’ ஜீப் வாங்கியிருக்கிறேன். பாதையே இல்லாத புல்வெளியில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. வெறும் புல்தானே, அதில் என்ன நஷ்டம்?
— ஸ்டியரிங் வீரன், கோயம்புத்தூர்

பதில்: ‘வெறும் புல்’ என்று தாங்கள் சொல்லுவதுதான், சோலைக்காடுகளோடு சேர்ந்து, மழைக்காலத்து நீரைத் தரைக்குள் இறக்கிவைத்து, கோடையிலும் ஓடைகளை வற்றாமல் ஓடவிட்டு, பவானிக்கும் மோயாற்றுக்கும் படியளந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒரு டயர் ஏறினால், மண் இறுகி ஒரு பள்ளக்கோடு விழுகிறது. அடுத்த மழையில் அந்தக் கோடு வாய்க்காலாகிறது. பின்னால் வருகிற இன்னொரு வீரர், வாய்க்காலில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும் பொருட்டுப் பக்கத்திலே புதுக்கோடு போடுகிறார். இப்படியே நாலு வாரத்தில் ஒரு பாதை நாலு பாதையாகி, நாலு மழையில் மேல்மண் கீழூர் அணைக்குப் போய்ச் சேருகிறது. நீலக்குறிஞ்சியின் கதை இன்னும் பரிதாபமானது. பன்னிரண்டு வருஷம் வளர்ந்து, ஒரே ஒரு தடவை பூத்து, விதை கொடுத்துவிட்டு மடிகிற செடி அது. 2018-இல் பூத்தது; அந்த விதையில் முளைத்தவை 2030-இல் பூக்கவேண்டும். இடையில் தங்கள் சக்கரம் நசுக்கிய செடியின் கணக்கு 2030 வரை யாருக்கும் தெரியாது என்பதுதான் தங்களுக்கு இருக்கிற ஒரே தைரியம்.

சட்டத்தையும் சொல்லிவைக்கிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். சரணாலயமாக இருந்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கை துறுதுறுப்பு அடங்கவில்லையென்றால், இதற்கென்றே தனியார் நிலத்தில் சேறும் மேடும் அமைத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே தங்கள் வீரத்தால் கெடுவது தங்கள் ஜீப் மட்டுமே.

*

கேள்வி: காட்டில் முகாம் போட்டு, ஸ்பீக்கரில் பாட்டு வைத்தால் வனத்துறைக்காரர்கள் விரட்டுகிறார்கள். யானைக்குச் சங்கீத ஞானம் கிடையாதா?
— இசை ரசிகன், ஈரோடு

பதில்: நிறைய உண்டு. நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில், மைல் கணக்கான தூரத்துக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜீவன்கள் அவை. அப்படிப்பட்ட ஞானஸ்தர் தங்கள் பாட்டைக் கேட்டு அபிப்பிராயம் சொல்ல நேரில் வந்தாரானால், அதைக் கேட்கத் தாங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

*

கேள்வி: நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களாமே? குடிக்கிறவனையும் கௌரவமாக நடத்தக் கூடாதா?
— மன்னிக்கவும், பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: கௌரவமாக நடத்திப் பார்த்த பிறகுதான் ஐயா இந்த ஏற்பாடு. உடைந்த பாட்டில் யானையின் காலில் ஏறினால், அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்குகிற பாதத்துக்குள் கண்ணாடி புகுந்து, சீழ்பிடித்து, நடக்கமாட்டாமல் நின்று நின்றே அது சாகிறது. ஜெயமோகன் அவர்களின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகைகளும் வேண்டுகோள்களும் வருஷக்கணக்கில் செய்து பார்த்தும் பலிக்காததனால், உயர்நீதிமன்றம் தலையிட, 2022-இல் இந்தப் பத்து ரூபாய்த் திட்டம் முதன்முதலாக நீலகிரியிலே தொடங்கப்பட்டது. காலி பாட்டில்கள் கடைக்குத் திரும்பி நடக்கத் தொடங்கின. தர்மோபதேசத்துக்குக் குனியாத முதுகுகள் பத்து ரூபாய்க்குக் குனிந்தன என்பது நம் ஜாதிக்குப் பெருமையல்ல. ஆனால் யானைக்கு வேண்டியது நம் பெருமை அல்லவே.

*

கேள்வி: குரங்குக்குச் சிப்ஸ் போட்டால் புண்ணியம்தானே?
— ஜீவகாருண்யன், சேலம்

பதில்: அடுத்த காரில் வருகிற குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கித் தின்னும்போது அந்தப் புண்ணியத்தில் பாதி குழந்தைக்குப் போய்விடும், மீதிக்குக் குரங்கின் வயிற்றைக் கேளுங்கள்.

*

கேள்வி: மலையேறுவதற்கு முன்பதிவு, கட்டணம், வழிகாட்டி, நேரக் கணக்கு! இவ்வளவு இருந்தால் சாகசத்துக்கு எங்கே இடம்?
— சாகசக்காரி, சென்னை

பதில்: அம்மணி, மற்றக் கேள்விகளுக்குப் போல இதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதில் 23 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளவயதினர், தங்களைப் போலவே வாரக்கடைசியில் பட்டணத்திலிருந்து வந்தவர்கள். காய்ந்த புல் ஆளுயரம் நிற்கிற பருவத்தில், சரிவில் காற்றோடு ஏறிவரும் தீக்கு மனிதன் ஓடித் தப்பமுடியாது என்பதை, அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் யாராயினும் சொல்லியிருப்பார். அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 வழித்தடங்களை வகுத்து, முன்பதிவோடும், அந்தந்த வட்டாரத்துப் பழங்குடியினரும் கிராமத்தாருமான வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. காட்டுத்தீப் பருவத்தில் அவை நிறுத்திவைக்கப்படுகின்றன. தங்கள் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த வழிகாட்டியின் ஜீவனத்துக்குப் போகிறது. அவருடைய அறிவு முழுவதும் தங்கள் பாதுகாப்புக்கு வருகிறது. இதில் லாபம் தங்களுக்கே.

*

கேள்வி: நம் நாட்டில் ஜனத்தொகை அதிகம், நிலம் குறைவு, அதனால் இந்த நெரிசல். அமெரிக்கா போன்ற விசாலமான தேசத்தில் இந்தத் தொல்லை இராது அல்லவா?
— பூகோள ஆசிரியர், கும்பகோணம்

பதில்: அங்கே நில நிர்வாகப் பணியகம் என்ற ஒரே இலாகாவின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொதுநிலம் இருக்கிறது; பெரும்பகுதி மேற்கு மாகாணங்களில். அவற்றுள் ஒன்றான யூட்டாவில், செந்நிறப் பாறைகளுக்கு நடுவே, சுமார் ஐயாயிரம் பேர் வசிக்கிற மோவாப் என்று ஒரு சிற்றூர். 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் ஜீப்புக்காரர்கள் அங்கே கூடிப் பாறை ஏறுகிறார்கள். பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு 2021-இல் 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போகவே, காலையிலேயே வாசலை அடைத்து வண்டிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. மறுவருஷம் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு வந்தது. அங்கும் ஒருவர், ‘சுதந்திரம் எதற்கு வாங்கினோம்?’ என்று கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பாலைவனத்தில், பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மண்ணின்மேல் கறுத்த பொருக்காகப் படர்ந்திருக்கும். காற்றும் மழையும் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் காப்பது அதுதான். ஒரு பூட்ஸ் மிதித்தாலே நொறுங்கிவிடும், பழையபடி வளரப் பத்திருபது வருஷங்களோ அதற்கு மேலோ ஆகும். இப்படிப்பட்ட சேதங்களையும் முன்னிட்டு, 2023-இல் நில நிர்வாகப் பணியகம் மோவாப் பக்கத்தில் 317 மைல் வண்டிப்பாதைகளை மூடச் சொன்னது. உடனே வண்டிக்காரர் தரப்பு வழக்குப் போட்டது. இன்னொரு செய்தி: அங்கே பல முகாமிடங்களில், தின்றதன் குப்பையை மட்டுமல்ல, தின்றதன் முடிவையும் அடைத்து எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்று விதி. நம் மலைகளில் தண்ணீர்ப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னதற்கே கோபித்துக்கொள்கிறவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்த்தால் கோபம் தணியும்.

*

கேள்வி: பொதுச்சொத்து என்றாலே பாழ்தான். மலைகளைத் தனியாருக்கு ஏலம் விட்டுவிட்டால் சுத்தமாக வைத்துக்கொள்வார்களே?
— வியாபாரி, விருதுநகர்

பதில்: பொதுமேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் லாபத்துக்காக இன்னொரு மாட்டை விட்டுக்கொண்டே போவான், கடைசியில் புல்லும் இராது மாடும் இராது என்று காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968-இல் எழுதியதைத் தாங்கள் படிக்காமலே ஊகித்துவிட்டீர்கள். ஆனால் அதற்கு எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் சொன்ன பதிலையும் கேட்டால்தான் வழக்கு பூர்த்தியாகும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற அவர், உலகெங்கும் ஊர்ஜனங்களே கூடிப் பொதுச்சொத்தை நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் ஆண்டுவந்திருப்பதை எடுத்துக் காட்டினார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, ஸ்விட்ஸர்லாந்தின் டோர்பல் என்ற மலைக்கிராமம். குளிர்காலத்தில் தன் கொட்டிலில் வைத்து எத்தனை பசுக்களுக்கு ஒருவன் தீனி போட வல்லவனோ, அத்தனை பசுக்களைத்தான் கோடையில் பொது மலைக்கு ஓட்டலாம் என்று 1517-இலேயே அங்கே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள்.

இதில் அடங்கியிருக்கிற நியாயம் நேர்த்தியானது. மலையின் சுகத்தை அனுபவிக்கிறவன் அதன் கஷ்டத்திலும் பங்குகொள்ள வேண்டும். டோர்பல்காரனுக்கு அந்த மலை அடுத்த வருஷமும் வேண்டும்; ஆகவே அவன் எண்ணிப் பார்த்தான். நம் விருந்தாளிக்கு ஞாயிறு சாயங்காலம் வரைதான் வேண்டும். ஆகவே அவர் எண்ணுவதில்லை. தனியாரிடம் விட்டால் அவர் வேலி போட்டுச் சுத்தமாக வைத்துக்கொள்வார் என்பது மெய்யே. தாங்களும் நானும் அந்த வேலிக்கு வெளியே நின்று அந்தச் சுத்தத்தை ரசிக்கலாம். பொதுவாகவும் இருக்கவேண்டும், பாழாகவும் கூடாது என்றால், எண்ணிக்கைக்குக் கட்டுப்படுவதைத் தவிர மூன்றாவது மார்க்கம் இல்லை.

*

கேள்வி: நீங்கள் பட்டணத்தில் உட்கார்ந்து வரம்பு, கட்டுப்பாடு என்று எழுதுகிறீர்கள். சீஸன் இல்லாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது, தெரியுமா?
— கடைக்காரர், உதகமண்டலம்

பதில்: தெரியும். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி முழுவதும் கடையடைத்துத் தாங்கள் எல்லோரும் அதைத் தெரிவித்தும் இருக்கிறீர்கள். அந்த முறையீட்டில் நியாயம் இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால் இ-பாஸ் வந்துதான் தங்கள் வியாபாரத்தைக் கெடுத்ததா, அல்லது கோடையில் ஒரேயடியாக வந்து குவிகிற கார்கள் மலைப்பாதையில் மணிக்கணக்காக நின்று, கடைப்பக்கம் இறங்கவே நேரமின்றித் திரும்பிப்போவதும் ஒரு காரணமா என்பதையும் யோசிக்க வேண்டும். கல்யாண வீட்டில் ஊர்ஜனம் முழுவதையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தால் இலையும் கிழியும், சாம்பாரும் வேட்டியில் சிந்தும். பந்தி பந்தியாகப் பரிமாறினால்தான் எல்லோருக்கும் பாயசம் எட்டும். மே மாதத்து மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை மற்றப் பதினொரு மாதங்களுக்குப் பிரித்து அனுப்பச் சர்க்காரும், அவர்களை வரவழைக்கத் தாங்களும் வழி தேடினால், வரம்பு என்பது தங்கள் விரோதியாக இராது. வந்தவர்கள் போன பிறகு, குழாயில் தண்ணீர் வராத வீட்டில் இருக்கப்போகிறவரும் தாங்கள்தானே.

*

கேள்வி: எல்லாம் சரி. நான் ஒருவன் போகாவிட்டால் மட்டும் கூட்டம் குறைந்துவிடுமா?
— சராசரி மனிதன், திருச்சிராப்பள்ளி

பதில்: போகவேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால், இதே கேள்வியை இதே வார்த்தைகளில் வேறு பலரும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்; அத்தனை பேரும் வருகிற சனிக்கிழமை காலையில் சொந்தக் காரில் புறப்படுவதாகவும் தெரிவித்திருக்கிறார்கள். ஆகவே தாங்கள் செவ்வாய்க்கிழமை, அரசுப் பேருந்தில் புறப்படுங்கள். ஜன்னலோர இடம் கிடைக்கும்.