மாமனார் சீசன்

மே மாதம் பிறந்துவிட்டால் ஜெர்மனியின் வால்டோர்ஃப் தெருக்களில் காட்டன் புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக அம்மாக்களும், ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றிய அப்பாக்களும் நடமாட ஆரம்பிப்பார்கள். ஷெங்கன் விசாவில் தங்க விடுவது 90 நாள். நம்மவர்கள் 88-ஆம் நாள்வரை பெட்டியைத் தொடமாட்டார்கள். சுமார் 15,000 பேர் வசிக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தது எஸ்ஏபி. ஐபிஎம்மை விட்டு வெளியேறிய ஐந்து பேர் 1972-ல் தொடங்கிய கம்பெனி. அங்கே நாம் என்ன வேலை பார்க்கிறோம் என்று எந்த மாமனாரும் கேட்பதில்லை. சனி, ஞாயிறு எங்கே கூட்டிப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

என் மாமனார் தஞ்சாவூர்க்காரர். ரிடையரான அரசாங்க இன்ஜினீயர். வந்த மறுநாளே, “இந்த ஊர்ல பாக்க என்ன இருக்கு மாப்பிள்ளை?” என்றார். நான் ஜான் ஜேக்கப் ஆஸ்டரை எடுத்துவிட்டேன். 1763-ல் இங்கே ஒரு கசாப்புக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் ரோமத்தோல் வியாபாரத்திலும் நியூயார்க் மனைகளிலும் சம்பாதித்து, 1848-ல் சாகும்போது அந்த நாட்டிலேயே பெரிய பணக்காரர். நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டலுக்குப் பெயர் போனது இந்த ஊரிலிருந்துதான்.

மாமனார் யோசித்தார். “அவரே இங்கேருந்து கிளம்பிப் போயிட்டார்னா, பாக்க ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்?”

ஆக, ஹைடல்பெர்க்.

வால்டோர்ஃபுக்கு ரயில் உண்டு. ஆனால் ஸ்டேஷன் வீஸ்லாக் ஊரோடு கூட்டுக் குடித்தனம், நடு ஊரிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். எஸ்-பான் ரயில் கால் மணி நேரத்துக்குள் ஹைடல்பெர்கில் இறக்கிவிடும். இறங்கியதும் “கோட்டை எங்கே?” என்று அண்ணாந்து பார்க்க வேண்டாம். பழைய நகரம் மெயின் ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருக்கிறது. இன்னொரு பஸ் உண்டு. மலையடிவாரத்தில் 315 படி ஏறும் வழியைப் பெரியவர்கள் கண்ணில் காட்டிவிடாதீர்கள். “பழனியே ஏறினவன்” என்று கிளம்பிவிடுவார்கள். இறங்கும்போது முழங்கால் நம் பொறுப்பு. கோர்ன்மார்க்ட்டிலிருந்து இழுவை ரயில் போகிறது. கோட்டை டிக்கெட்டிலேயே அதுவும் சேர்த்தி.

ஹைடல்பெர்க் கோட்டையை 1689-லும் 1693-லும் பிரெஞ்சுப் படைகள் தகர்த்தன. மிச்சமிருந்ததைச் சரிசெய்துகொண்டிருந்தபோது 1764-ல் இடி விழுந்தது. மாமனார் பாதி பிளந்து கிடந்த கோபுரத்தைத் தொழில்முறையில் பார்த்தார். “இத்தனை வருஷமாவா எஸ்டிமேட் சாங்ஷன் ஆகலை?” 1900 வாக்கில் ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு, மற்றதை இடிபாடாகவே பாதுகாப்பது என்று நிபுணர்கள் கூடித் தீர்மானித்ததைச் சொன்னேன். வேலையே செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு கௌரவமான ஃபைல் குறிப்பைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று அசந்துபோனார்.

உள்ளே ஒரு மரப்பீப்பாய். 1751-ல் செய்தது, 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் ஒயின் கொள்ளும், தலைமேல் நடனமாட மேடை. “இதை எப்படித் தேய்ச்சுக் கழுவுவாங்க?” என்பது மாமியார் கவலை. இதற்கு முன்பிருந்த பீப்பாயைக் காத்தவன் பெர்கேயோ என்ற குள்ளன். வாழ்நாள் முழுக்க ஒயின் குடித்தவன், வைத்தியர் பேச்சைக் கேட்டுத் தண்ணீர் குடித்ததும் செத்தான் என்பது கதை. இங்கே ஓட்டலில் தண்ணீரின் விலையைப் பார்த்தவர்கள் அதை நம்புவார்கள். “ஸ்டில்” என்று சொல்லிக் கேட்காவிட்டால் சோடா வரும். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “தண்ணி கெட்டுப்போச்சு, திருப்பிக் குடுத்துடுங்க” என்றார். காலி பிளாஸ்டிக் பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டும் மாமனாரிடம் நாசூக்காகச் சொல்லுங்கள். என் மாமனார் அதை நூறால் பெருக்கிப் பார்த்த மறுநாளிலிருந்து வாக்கிங்குக்குத் துணிப்பையோடு போகிறார்.

1788-ல் கட்டிய பழைய பாலத்தின் முனையில் வெண்கலக் குரங்கு ஒன்று கண்ணாடி பிடித்து உட்கார்ந்திருக்கிறது. தலை உள்ளே கூடு. டூரிஸ்டுகள் அதற்குள் தங்கள் தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியைத் தொட்டால் பணம், விரலைத் தொட்டால் ஹைடல்பெர்குக்கு மறுபடி வருவோம், பக்கத்திலுள்ள எலிகளைத் தொட்டால் நிறையக் குழந்தைகள். ஆயிரக்கணக்கான கை பட்டு அந்த இடங்கள் மட்டும் பளபளவென்று இருக்கும். அத்தை அனுமாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். விவரம் கேட்டதும் என் மனைவியின் கையைப் பிடித்து எலிமேல் அழுத்தினார். மாமனாரோ கண்ணாடியை விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஓய்வு என்பது இந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கடை திறக்காது. கொத்தமல்லி, தயிர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். கழிவறைக்காக ஐம்பது சென்ட், ஒரு யூரோ சில்லறை எப்போதும் பையில் இருக்கட்டும். இருந்தாலும் அத்தைகள் நூறால் பெருக்கிவிட்டு வீடுவரை பொறுத்துக்கொள்வார்கள். புரோகிராமை அதற்குத் தகுந்தாற்போல் சுருக்குங்கள்.

ஞாயிறன்று ஷ்பையர் போகலாம். எஸ்3 ரயில் ஹைடல்பெர்க் தாண்டி மான்ஹைம் வழியாக அங்கே போகிறது. 134 மீட்டர் நீளமான ரோமனெஸ்க் தேவாலயம். பாதாள அறையில் எட்டு ஜெர்மன் சக்கரவர்த்திகளும் மன்னர்களும் தூங்குகிறார்கள். மேலே இலவசம், அவர்களைப் பார்க்கத்தான் காசு. 1030 வாக்கில் இரண்டாம் கொன்ராட் தொடங்கியது என்றேன். மாமனார் முகத்தில் அந்தப் பயணத்திலேயே முதன்முறையாகப் பரம திருப்தி.

“எங்க பெரிய கோயில் 1010-லயே முடிஞ்சு குடமுழுக்கும் ஆயிடுச்சு. இவங்க இருபது வருஷம் ஜூனியர்.”

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்னாலேயே ஒரு ஜெர்மன் பாட்டி, யாரோ மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அத்தை பதறி, “ஐயோ பெரியவங்க என் செருப்பைத் தொடலாமா!” என்று வாங்கி, திரும்பப் போய் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். பாட்டி என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை.